கோர்ட்டில் மட்டும் முதுகுவலி

மரக்காணம்,
17.7.2025

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் பெலிக்ஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் கஸ்பார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கு நான் சுகம். உங்கள் தங்கை மரியசெல்வி வீட்டில் சுகம், கோர்ட்டில் மட்டும் எழுந்து உட்கார முடியாத நோயாளி. பெரம்பூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் பேசினால் ரெக்கார்டு ஆகிவிடும் என்று நம் வக்கீல் பயமுறுத்தி வைத்திருப்பதால், இருபது வருஷம் கழித்துத் தபால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

நம் வக்கீல் என்று எழுதியது தவறு. அவர் உங்கள் வக்கீல். ‘என் கூடப் படித்தவன், தங்கமான ஆள்’ என்று நீங்கள் பார்த்துக் கொடுத்த ஜெயப்பிரகாஷ். அந்தத் தங்கத்தை ஒரு வருஷமாக உரசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கேஸ் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வயிற்றெரிச்சலில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஜூன் மாதம், உப்பு வாருகிற நேரம் பார்த்து விடியற்காலையில் ஒரு மழை கொட்டியது. ஏழு மணிக்கு உப்பளத்துக்குப் போனால், எனக்கும் பக்கத்துப் பாத்தி காசிலிங்கத்துக்கும் நடுவே இருக்கிற வரப்பை வெட்டிவிட்டு, அவன் பாத்தித் தண்ணீரெல்லாம் என் பாத்தியில் நிற்கிறது. பத்து நாள் உப்பு கரைந்தே போயிற்று. வேறு யார் வெட்டியிருப்பார்கள்? வரப்பில் திருட்டு மண்வெட்டி போடுகிற ஜென்மம் என்ன வளர்ப்பில் வளர்ந்திருக்கும், பெற்றவர்கள் என்னத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டினேன். அவனும் திட்டினான். நான் சட்டையைப் பிடித்தேன், அதை மறுக்கவில்லை. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். நான் வீட்டுக்கு வந்து குளித்து, நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அவன் சேற்றோடு நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தான். சாயங்காலம் ஸ்டேஷனில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: அடித்ததற்கு நான் முதல் எதிரி, வரப்பை வெட்டியதற்கு மரியசெல்வி இரண்டாம் எதிரி. காலைப் பூசையில் முழங்காலில் நின்ற பெண்பிள்ளை மேல் மண்வெட்டிக் கேஸ்.

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உங்கள் நண்பரின் ஆபீஸ். பத்திரப் பதிவுதான் தொழில், கிரிமினலும் பார்ப்பாராம். அடித்தீர்களா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. “அவன் போய்ப் படுத்தான்ல, நீங்க ஏன் சார் படுக்கல?” என்று கேட்டார். முதலில் போய்ப் படுக்கிறவனுக்குத்தான் கேஸ் நிற்குமாம். அறுபத்தோரு வயசு வரை இது தெரியாமல் வீட்டுக் கட்டிலில் படுத்து வீணாகிவிட்டேன். பதில் கேஸ் போடலாம், காயத்தைக் காட்டுங்கள் என்றார். காயத்துக்கு எங்கே போவேன்? உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த குதிகாலைக் காட்டினேன். நாலு பக்கத்திலிருந்தும் படம் பிடித்துக்கொண்டார். பிறகு மரியசெல்வியை வக்காலத்தில் கையெழுத்துப் போட உட்காரவைத்துவிட்டு, ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வர என்னைக் கீழே அனுப்பினார். கீழே கரண்ட் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தால், அம்மா இனி கோர்ட் பக்கமே வர வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பார்த்துக்கொண்டார். இதுவரை ஏழு வாய்தா. முதல் வாய்தாவில் உங்கள் தங்கைக்கு முதுகுவலி, ஆகவே வர முடியவில்லை என்று மனு. மூன்றாவதில் நடக்க முடியவில்லை. ஏழாவதில் படுத்த படுக்கை. அன்றைக்கு இவள் இரண்டு குடம் தண்ணீரை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இன்னும் இரண்டு வாய்தா போயிருந்தால், சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற நோயில் பூசுதல் கொடுக்கச் சாமியாரையே வரவழைத்திருப்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் செப்டம்பரில் மஸ்கட்டில் நம் பிரிசில்லாவுக்குப் பிரசவம். தலைச்சன். மருமகன் ஷிப்டுக்குப் போனால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. “அம்மா வருமா வராதாப்பா?” என்று போனில் அழுகிறாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால், கேஸ் இருக்கிறது, கோர்ட்டில் அனுமதி வாங்கி வாருங்கள் என்கிறார்கள். பிள்ளை தனியாகக் கிடந்து பெற வேண்டுமோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

அனுமதி மனு போடச் சொன்னால் உங்கள் நண்பர் பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஒரு மாதம் ஓட்டினார். நான் சத்தம் போட்டுப் போடவைத்தேன். அம்மாவை மட்டும் அழைத்து வராதீர்கள் என்றார். ஆளைப் பார்க்காமல் யார் அனுமதி கொடுப்பார்கள் என்று நேற்று நானே அழைத்துப் போனேன். கஞ்சி போட்ட சேலை கட்டி, சாப்பாட்டுப் பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாடி ஏறினாள். மாஜிஸ்திரேட் அம்மா கேஸ் கட்டைப் புரட்டினார். ஏழு மனுவில் எழுந்திருக்க முடியாதவள், எட்டாவது மனுவில் பிரசவம் பார்க்க விமானம் ஏறுகிறாள். “இவங்கதானா அவங்க?” என்று மட்டும் கேட்டார். வக்கீல் குனிந்து, “கொஞ்சம் முதுகைப் பிடிச்சுக்கங்கம்மா” என்று கிசுகிசுத்தார். உங்கள் தங்கை கோர்ட் முழுக்கக் கேட்கும்படி, “எனக்கு முதுகுல ஒண்ணும் இல்லீங்களே” என்றாள். மனு பதினைந்து நாள் தள்ளிப்போனது. டாக்டர் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். நடக்க முடியும் என்று வாங்குவதா, முடியாது என்று வாங்குவதா என்பதை வக்கீல் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆகவே மச்சான், கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வந்து, உங்கள் தங்கமான நண்பரிடமிருந்து கேஸ் கட்டை வாங்கிக் கொடுங்கள். புதுச்சேரியில் கௌதமன் என்று ஒரு கிரிமினல் வக்கீலிடம் பேசி வைத்திருக்கிறேன். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். உங்கள் முகத்துக்காகவாவது தருவார்.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு என் சார்பில் நெற்றியில் சிலுவை போடவும். மாதா உங்கள் குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உங்கள் நண்பரைப் பற்றி மாதாவிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் எதிரியும் இரண்டாம் எதிரியின் கணவனுமான
கஸ்பார்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மரியசெல்விக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து உள்ளே போனவள், திரும்பி வந்து, வரப்பை வெட்டியது தான்தான் என்றாள். மழைத் தண்ணீரைக் காசிலிங்கம் பக்கம் வடியவிட நினைத்தாளாம். அவர் பாத்தி மேடு, அங்கிருந்ததும் இங்கே வந்துவிட்டது. பூசைக்குப் போனேன் என்றாயே என்றேன். “நான் எப்பங்க சொன்னேன்? நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தீங்க” என்றாள். வக்கீலிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். கோர்ட்டில் கேட்டால் இவள் உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்றுதான் அந்த மனுஷன் ஒரு வருஷமாகப் படுக்கையிலேயே வைத்திருக்கிறார். காசிலிங்கத்தின் சம்சாரம் அருக்காணி அன்றைக்கே கண்ணால் பார்த்தவளாம். இன்று காலை நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது, மரியசெல்வி அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிரிசில்லாவின் பிரசவத்தைச் சொன்னதும், திங்கட்கிழமையே ராஜி மனுவில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டாராம் காசிலிங்கம்.

எல்லாருக்கும் சொன்னவள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க திட்டின திட்டெல்லாம் கேட்டப்புறம் எப்படிங்க சொல்றது?” என்றாள். ஒரு வருஷம், மச்சான், தினமும் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வக்கீலை மாற்ற வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். “அனுப்புங்க, எங்க அண்ணனும் படிக்கட்டும்” என்று அவளே ஸ்டாம்பு ஒட்டி வைத்துவிட்டாள்.