பத்தாவது நிமிடத்தில் அம்மா

"வேற ஆளே கிடைக்கலையாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

தப்பு ஃபெர்கஸ் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தவளுக்குத் தன் கார்ட்டூன் படத்தின் வெள்ளோட்டத்தைப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாது. இன்னும் வெறும் கோட்டுச் சித்திரங்கள்தான். குரல்கள் வீட்டில் அகப்பட்டவர்களைப் பேசவைத்து ஒப்பேற்றியவை. பத்தாவது நிமிடத்தில் குட்டிக் கங்காருவின் தாய் வெள்ளத்தில் போய்விடுகிறாள். நிஜ அம்மா பாவ்லோவா கேக்கைத் தொடாமல் வுல்லன்காங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயிலைப் பிடித்துவிட்டாள்.

அவன் ஆசைப்பட்டா கொன்றான்? எல்லாம் தயாரிப்பாளர் மெரடித் சொன்னது.

"பை கதகதன்னு இருக்கிற வரைக்கும் குட்டிக்கு என்னங்க வேணும்? ஒண்ணும் வேணாம். ஒண்ணும் வேணாம்னு உக்காந்திருக்கிறவனை எந்தக் குழந்தை ஒன்றரை மணி நேரம் பாக்கும்? பையைப் பிடுங்குங்க."

வியாழக்கிழமை மேலிடத்துப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் குட்டிக்கு ஒரு குறிக்கோள் அமையாவிட்டால் படத்துக்கு மூடுவிழா.

திங்கட்கிழமை தாயைப் பிழைக்கவைத்தான். கால் முறிந்து படுத்திருக்கிறாள்; குட்டி மூலிகை தேடிப் போகிறது. குறிக்கோளும் ஆச்சு, அம்மாவும் ஆச்சு. உடனே அம்மாவுக்கு அனுப்பினான்.

"பாத்தேன்," என்றாள். "முன்னயாவது பத்து நிமிஷத்துல போய்த் தொலைஞ்சா. இப்போ படம் பூரா கிடந்து முனகுறா."

படுக்கையில் போட்டது பிடிக்கவில்லை போலும். செவ்வாய்க்கிழமை எழுப்பி உட்காரவைத்தான். தாய் இப்போது புத்திசாலி, தைரியசாலி. டிங்கோ நாய்களை ஒற்றையாக விரட்டுகிறாள். போதாததற்கு ஒரு பாட்டும் பாடுகிறாள்.

"பாட்டு வேறயா!" என்றாள் அம்மா. "எங்கிட்ட இருக்கிற உன் வீட்டுச் சாவியைத் தபால்ல அனுப்பிடறேன்."

மெரடித்தும் விடவில்லை.

"அம்மாவே எல்லாத்தையும் முடிச்சிட்டா, ஃபெர்கஸ். இப்போ என்னதான் வேணும் அவனுக்கு?"

"எங்கம்மா என்கூடப் பேசணும்."

"நான் குட்டியைக் கேட்டேங்க!"

புதன்கிழமை தாயை அடியோடு எடுத்துவிட்டுத் தகப்பனைப் போட்டான். ஆண் கங்காருவுக்குப் பை கிடையாது என்றாள் படம் வரைகிறவள். தோளில் ஒரு துணிப்பையை மாட்டச் சொன்னான். "மார்க்கெட்டுக்குக் கிளம்பினவர் மாதிரி இருக்காரு," என்றாள். சரியென்று பத்தாவது நிமிடத்தில் அவரையும் வெள்ளத்தில் விட்டான். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் அலுவலகமே சிரித்தது.

"இதை நாளைக்குக் காட்டினா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது," என்றாள் மெரடித்.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அப்பாவிடமிருந்து போன். அம்மாவுக்கு அனுப்பியதை அவரும் பார்த்துவிட்டார்.

"அப்பா, உங்களைச் சாகடிக்கணும்னு எனக்கு..."

"அட, தாராளமா சாகடிடா. எனக்கென்ன!" அப்பா வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக் கொட்டகையில் நின்று கிசுகிசுத்தார். "உங்கம்மாவைத் திரும்பப் போட்டுடு."

"போட்டா பேசவே மாட்டேங்கிறாங்களே!"

"செத்ததுக்கெல்லாம் அவ கோவிச்சுக்கலடா. அம்மா வேஷத்துக்கு உன் மாமியாரைப் பேச வச்சே பாரு, அதுக்குத்தான்."