கர்சீப் போட்ட நாற்காலி

என்னிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு திறமைதான்: ஓடி வரும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கர்சீப் வீசி சீட் பிடிப்பது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் காலேஜுக்கு மூன்று வருடம் போய் வந்ததில் கற்றது. (படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.) கர்சீப் விழுந்த சீட்டில் எங்கள் ஊரில் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது.

2007-இல் சென்னையில் ஒரு இன்டர்வியூ வந்தது. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த வேல கெடைச்சா போய்க்கோ. இல்லன்னா கண்டாச்சிபுரத்து மாப்ளைக்கு சரின்னு சொல்லிடுவேன்."

மாப்பிள்ளைக்கு உரக்கடை. முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி. ஒன்பதாவது மாடியில் என்னைப்போல முப்பது பேர், உட்கார இடமில்லை. பக்கத்திலேயே ஓர் அறை, அதற்கும் கண்ணாடிச் சுவர். உள்ளே பத்து நாற்காலி, ஆளே இல்லை. ஒருத்தருக்கும் சாமர்த்தியம் போதவில்லையே என்று பரிதாபப்பட்டேன். இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் கர்சீப்பைப் போட்டேன், ஃபைலை மேஜையில் வைத்தேன், பாத்ரூம் போனேன்.

திரும்பி வந்தால் நரைத்த தலையோடு ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கிறார். கர்சீப்பை மடித்து ஓரமாக வைத்திருந்தார்!

"சார், எழுந்திருங்க. கர்சீப் போட்டுருக்குல்ல? நாங்க இன்னா, நின்னுக்கினே இருக்கணுமா?"

"ஸாரிம்மா" என்று எழுந்தார். நான் விடவில்லை.

"படிச்சவங்களே இப்படிப் பண்ணா எப்படி சார்?" என்று கையை நீட்டி நீட்டிக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவர் எதிர் நாற்காலிக்குப் போனார். என் ஃபைலைத் திறந்தார். "சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு என் பெயரே மறந்துபோனது.

வெளியே வந்ததும் ஒரு பெண் பாவப்பட்டுக் கேட்டாள். "உள்ள ரொம்பத் திட்டிட்டாங்களா?" கண்ணாடி வழியாகச் சத்தம்தான் வராது. மற்றதையெல்லாம் முப்பது பேரும் பார்த்திருக்கிறார்கள்; நான் கையை நீட்டியதைக் கெஞ்சல் என்று நினைத்துவிட்டார்கள்.

"இல்லப்பா, நான்தான் திட்டினேன்" என்றேன்.

வேலை கிடைக்கவில்லை. திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். தை மாதம் கல்யாணம் நடந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் உரக்கடைக்காரர் இந்தக் கதையைச் சொல்லாமல் காப்பி கொடுக்க மாட்டார். "அந்தப் பெரிய மனுசன் அன்னிக்கு எழுந்து எடம் வுட்டாரு, அதாங்க எனக்கு எடம் கெடைச்சுது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். அந்த வேலையும் பிடித்திருக்கும்.