இருபத்துமூன்றாம் நம்பர் குத்துச்சண்டைக்காரன்

ஈஜிபுரா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் லாயிட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் என் சர்க்கரையும் என் முழங்காலும் பிரியாமல் ஒன்றாய் இருக்கிறோம். ஹெப்பகோடியில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்துச் சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த குத்துச்சண்டைக்காரர் படம் போட்ட அட்டைகளை முப்பது வருஷமாய்ச் சேர்த்தேனே, ஐம்பதும் இருந்தால்தான் செட், அதில் இருபத்துமூன்றாம் நம்பரைக் காணோம். மூக்கு உடைந்த ஆள். உன் அக்கா டெல்ஃபின் அவனைப் பார்த்து, "பாவங்க, எவ்ளோ அடி வாங்கியிருக்கான்" என்று ஜெபப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, தினமும் நமக்கெல்லாம் வேண்டி முடித்ததும் அவனுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வாள். ஓரம் மடங்கிவிடும் என்று நான் திட்டிக்கொண்டே இருப்பேன்.

போன மாதம் தேட ஆரம்பித்தேன். சோபாவைக் கவிழ்த்தேன், முழங்கால் போச்சு. பழைய பேப்பர் கடைக்காரரின் மூன்று மூட்டைகளை ரோட்டில் கொட்டினேன், டிராஃபிக் நின்றுபோச்சு. நீ எடுத்தியா என்று மகள் லீனாவைக் கேட்டேன், நாலு நாளாய் அவள் போன் எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அடக்கத்தன்று டெல்ஃபின் கையில் அந்த ஜெபப் புத்தகத்தை வைத்ததே நான்தான். அட்டையோடு சேர்த்துப் புதைத்திருக்கிறேன்.

ஃபாதர் க்ளெனிடம் ஓடினேன். "அங்கிள், பதினாலு மாசத்துல கல்லறையத் தொறக்க முடியாது. உங்க ஃபேமிலி கல்லறைதானே, அடுத்தவங்க வரும்போது தொறப்போம்" என்றார். "அடுத்தது நான்தானே ஃபாதர், கொஞ்சம் முன்னாடியே தொறந்தா என்ன?" என்றேன். வீட்டுக்குப் போய் மாத்திரை போடச் சொல்கிறார்.

மச்சான், நீ அவள் கூடப்பிறந்தவன், கோயில் பாடகர் குழுவிலும் இருக்கிறாய். நீ ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கேட்பார். அந்த அட்டை இல்லாமல் வீடே வெறிச்சென்று கிடக்கிறது. சோறு எறங்கல, தூக்கம் வரல, யார்கிட்ட போய்ச் சொல்றது. மீதி நாற்பத்தொன்பது பேரும் மேஜைமேல் கையை மடக்கிக்கிட்டு என்னையே முறைக்கிறானுங்க.

பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான் ஓஸ்வால்ட்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடி டெல்ஃபினின் டிராயரைத் திறந்தேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அட்டை இருக்கிறது. ஓரம்கூட மடங்கவில்லை. ஃபாதரிடம் இதைச் சொல்லிவிடாதே. மனுவைக் கொடுத்துவிடு. ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்துட்டு மூடிடலாம்.