ஒஸ்பிற்றிப் பலகை

பதினொரு வருடத்தில் எமிலியானுஸ் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை. பேசாமலே இருந்திருக்கலாம்.

"வாற ஞாயிறு எங்கடை மைதானத்திலை எங்கடை சனம்தான் கூட இருக்கும். இல்லாட்டி நான் செயலாளர் பதவியை விடுறன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளர் வேலை. ஆனால் இந்த ஒரு வசனத்தை மட்டும் தலைவர் கோபாலசிங்கம் கொப்பியை இழுத்து எடுத்துத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

கழகம் என்றால் இத்தாலியில் சீசாப் பகுதித் தமிழரின் காற்பந்துக் கழகம். மைதானம் கத்தோலிக்கக் கோயிலுடையது. பங்குச் சுவாமி மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் விட்டுத் தருவார். ஒரு பக்கம் வெறும் மதில். மற்றப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே நாலு படி. படிக்குப் பதினாறு பேர். ஆக, அறுபத்துநாலு பேருக்கு நிழல். எமிலியானுஸ் முழத்தால் அளந்து பார்த்த கணக்கு.

ஆட்டத்துக்கு வந்த தலைகளையும் அவர் எண்ணிவைப்பார். கடைசி மூன்று ஆட்டத்திலும் உள்ளூர்ச் சனம் பதின்மூன்று, பதினொன்று, ஒன்பது. வந்த சனம் ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று, ஐம்பத்தைந்து. மெசீனாவிலிருந்தும் கத்தானியாவிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். காலையில் மொண்டெல்லோவில் கடல் குளிப்பு, மத்தியானம் மரத்தடியில் புக்கைச் சாப்பாடு, பிறகு நேரத்தோடு வந்து தகரத்துக்குக் கீழே குந்திவிடுவார்கள். உள்ளூர்ச் சனம் பூசை முடிந்து, சாப்பிட்டு, ஒரு கண் நித்திரை கொண்டுவிட்டு வரும். வந்து பார்த்தால் நிழலில் இடமில்லை. வெயிலை ஒரு தரம் பார்க்கும். வீட்டுக்குத் திரும்பிவிடும். சீசா அணி கோல் போட்டால் மைதானம் செத்த வீடு. வாங்கினால் திருவிழா.

நோய் நிழலில் இருக்கிறது என்று எமிலியானுஸ் கண்டுபிடித்தார். நிழலை உள்ளூருக்கு ஒதுக்கினால் தீர்ந்தது. ஆனால் ஒருவரைப் பார்த்து "எழும்பும்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்டவர் அவர். எனவே ஒரு பலகை. அதுவும் இத்தாலியன் மொழியில். தமிழில் எழுதினால் தமிழன் வாசிப்பான், மதிக்கமாட்டான்.

இத்தாலியனுக்கு வீட்டில் பெரிய ஆள் மனைவி அற்புதமலர். ஒரே இத்தாலிய எசமானியின், அந்தச் சின்யோறாவின், வீட்டில் ஒன்பது வருடமாக வேலை.

"இஞ்சை பாரும் மலர். இது எங்கடை ஆக்களுக்கு ஒதுக்கின இடம் எண்டு இத்தாலியனிலை எப்பிடி எழுதுறது?"

"ஏன், மற்றவை எங்கை இருக்கிறது?"

"மதில் பக்கம்."

"ஆனி மாதத்து வெயிலிலையோ? வாற ஞாயிறு வாறது கத்தானியாக்காரர் எல்லோ. அண்ணன் றொஜர் குடும்பமும் வருது. மூண்டு மணித்தியாலம் பஸ்ஸிலை வாற சனம்."

"வீட்டிலைதான் மச்சான். மைதானத்திலை எதிரணி."

"அண்ணிக்கு வெயில் ஒத்துவராது."

"அப்ப அண்ணி கத்தானியாவிலை நிழலிலை இருக்கட்டும்."

தன் வாயிலிருந்தா இவ்வளவு கூர்மையான பேச்சு வந்தது என்று எமிலியானுஸுக்கே வியப்பு. அற்புதமலர் சட்டியில் கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டாள். அந்த நேரத்தில் அவர் பயந்திருக்க வேண்டும்.

"ஒஸ்பிற்றி எண்டு எழுதுங்கோ."

"அது விருந்தாளி எல்லோ?"

"ஓம். சின்யோறா வீட்டிலை நல்ல கதிரையிலை இருக்கிறது ஆர்? நீங்கள் வேலை செய்யிற வீட்டிலை கண்ணாடி அலுமாரிப் பீங்கான் ஆருக்கு எடுக்கிறது?"

"ஒஸ்பிற்றிக்குத்தான்."

"அப்ப? எங்கடை சனத்தை நீங்கள் ஒருநாளெண்டாலும் விருந்தாளி மாதிரி நடத்தினியளோ? மூண்டு மணிக்கு வா, கைதட்டு, போ. மரியாதை குடுத்தாத்தானே சனம் வரும்."

எமிலியானுஸ் மெய்சிலிர்த்துப் போனார். இருபத்தேழு வருடம் இப்படி ஒரு மூளையோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் கண்டுகொள்ளவில்லையே என்று வருந்தினார். ஒட்டுப்பலகை வாங்கி, ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரத்தில், நீலப் பெயின்ரால் எழுதினார். ஆறு எழுத்து. ஒன்றுகூட மற்றதைவிட ஒரு நூல் உயரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி. பலகையைத் தகரத்தில் கட்டிவிட்டுக் கொப்பியும் பென்சிலுமாக மைதான வாசலில் நின்றார்.

கத்தானியா பஸ் வந்தது. முதலில் இறங்கிய இளந்தாரிகள் நாலு பேரும் பலகையைப் பார்த்தார்கள். இப்போது இவர்கள் மதில் பக்கம் திரும்புவார்கள் என்று எமிலியானுஸ் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"டேய், எங்களுக்கு எண்டு பலகையே எழுதி வச்சிருக்கிறாங்களடா" என்றான் ஒருவன். நாலு பேரும் நேரே ஏறி மேல்படியில் இருந்தார்கள். பின்னால் முழு பஸ்ஸும் ஏறியது. மச்சான் றொஜர் வந்து எமிலியானுஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எத்தினை ஊருக்குப் போய் விளையாடியிருக்கிறம். இப்பிடி ஒரு மரியாதை ஒருத்தரும் செய்யேல்லை."

"மச்சான், அந்தப் பலகையிலை..."

"ஓம் ஓம், வாசிச்சனான். பெரிய ஸ்ரேடியத்திலை இருக்கிற மாதிரியே எழுதியிருக்கிறியள்."

பெரிய ஸ்ரேடியத்துக்குள் எமிலியானுஸ் ஒருநாளும் போனதில்லை. போயிருந்தால், இத்தாலிக்காரன் வெளியூர் ஆதரவாளரை இருத்தும் பக்கத்துக்கும் அதே விருந்தாளிப் பெயரைத்தான் வைத்திருக்கிறான் என்று கண்டிருப்பார்.

இரண்டே முக்காலுக்கு உள்ளூர்ச் சனம் வந்தது. முன்னுக்கு வந்தவர் பேரின்பநாயகம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஒஸ்... பிற்... றி. ஆஸ்பத்திரியோ?"

"இல்லை அண்ணை, அது வந்து..."

"காயப்படுற பெடியளைக் கிடத்துற இடம்போலை. எனக்கேன் அந்த வில்லங்கம்" என்று அவர் மதிலடிக்குப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். பத்து நிமிடத்தில் வெயில் உறைத்தது. வந்த இருபத்திரண்டு பேரில் பதினாலு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எமிலியானுஸ் எண்ணினார். உள்ளூர் எட்டு. கத்தானியா அறுபத்துமூன்று. தகரத்துக்குக் கீழே இன்னும் ஓர் ஆள் கூட இருந்தது. அது ஆர் என்று பார்த்தார். நடுப்படியில், அண்ணிக்குப் பக்கத்தில், மடியில் மீன் ரோல்ஸ் பெட்டியோடு அற்புதமலர்.

ஆட்டத்தின் இடைவேளையில் படியடிக்குப் போய் மெல்லக் கேட்டார்.

"மலர், றொஜரிட்டைக் கேட்டனான், ஒஸ்பிற்றி எண்டால் மைதானத்திலை வேறை கருத்தாமே. உமக்குத் தெரியுமோ?"

"சின்யோறான்ரை மகன் வெளியூர் மாச்சுக்கெல்லாம் போறவன். அவன்ரை காற்சட்டை தோய்க்கேக்கை பொக்கற்றிலை இருக்கிற ரிக்கற்றெல்லாத்திலையும் அந்தச் சொல்லுத்தான் கிடக்கும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"விருந்தாளியோ எண்டு கேட்டியள். ஓம் எண்டு சொன்னனான்தானே." ரோல்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். "வெயிலிலை நிண்டு வாடிப்போனியள். இந்தாங்கோ."

எமிலியானுஸ் ரோல்ஸை வாங்கிக்கொண்டார். கத்தானியா அப்போது மூன்றுக்கு ஒன்று முன்னால். ஆட்டம் ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ராஜினாமாக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனார். சொல் தெரியாமல் எழுதினேன் என்று சொல்வதைவிடப் பதவி போவது நல்லது என்று தோன்றியது. கோபாலசிங்கம் கடிதத்தை ஏற்றுக்கொண்டார். பிறகு கத்தானியாக் கழகத்திலிருந்து வந்த நன்றிக் கடிதத்தைச் சபைக்கு வாசித்தார். அடுத்த முறை இரண்டு பஸ்ஸில் வருகிறார்களாம்.

அன்றே எமிலியானுஸுக்குப் புதிய பதவி ஒன்று கிடைத்தது: வெளியூர் ஆதரவாளரை வரவேற்று இருத்தும் பொறுப்பாளர். முன்மொழிந்தவர், கூட்டத்துக்குக் கூடவே வந்திருந்த அற்புதமலர். வழிமொழிய ஆள் தேவைப்படவில்லை.