அத்தை நாற்காலியில் போன கிரிவலம்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

மஸ்கட் வாழ் மாண்புமிகு சகாதேவன் மாமா அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் மகன் வளவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், அத்தையின் வலது கால் நீங்கலாக. உங்கள் நலத்தையும், முக்கியமாக உங்கள் லீவின் நலத்தையும் அறிய ஆவல்.

உலகம் வியக்கும் செய்தி ஒன்றை இதன்மூலம் அறிவிக்கிறேன்: நேற்று அருணாதேவி அத்தை, நாற்காலியை விட்டு எழாமலே கிரிவலம் வந்து முடித்தார்.

உங்களுக்கு லீவு கிடைத்து ஊர் வந்து சேரும்வரை ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றுவதாக அத்தை வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். போன வாரம் வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் வழுக்கி விழுந்துவிட்டார். நீங்கள் போட்ட ஒரு கால்கட்டு போதாதென்று டாக்டர் இன்னொன்று போட்டார். "ஒரு பௌர்ணமி தவறுனா அவரு லீவு போச்சுடா" என்று அத்தை சுவரைப் பார்த்து அழுதார். நானே கலாய்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அழாதீங்க அத்தே, பனோரமா இருக்குது" என்றேன்.

"எந்த ரமா? மஸ்கட்டுலயா?" அழுகை நின்றுவிட்டது.

"ரமா இல்ல அத்தே, சுத்துப்படம். நின்ன இடத்துலயே சுத்தி எடுத்தா மேல, கீழ எல்லாம் வரும். பெட்டியைக் கண்ணுல மாட்டுனா நீங்களே அங்க நிக்கிற மாதிரி இருக்கும்."

முந்தாநாள் கொதிக்கும் வெயிலில், தன்னந்தனியாக, கிரிவலப் பாதை முழுக்க நடந்தேன் மாமா. ஒவ்வொரு லிங்கத்தின் எதிரிலும் போனோடு நானும் பம்பரமாகச் சுழன்றேன். நண்பன் புகழேந்தியிடம் விஆர் பெட்டியையும், அவன் அப்பா கடையின் சுழல் நாற்காலியையும் இரவல் வாங்கி, நேற்றுக் காலை அத்தையை உட்காரவைத்து, பெட்டியைக் கண்ணில் மாட்டிவிட்டேன்.

அத்தை மெல்லத் திரும்ப, மலை அவர் வலக்கைப் பக்கம் வந்து நின்றது. அந்த ஊரில் யாரும் நகர்வதில்லை மாமா. டீக்கடைக்காரர் ஆற்றிய டீ அந்தரத்திலேயே தொங்குகிறது. தாவிய குரங்கு இன்னும் தரைக்கு வரவில்லை. உச்சியில் ஒரு மேகம், போகலாமா இருக்கலாமா என்று யோசித்தபடி. "எல்லாரும் எனக்காக நிக்கிறாங்கடா" என்றார் அத்தை. பிறகு என்னை மறந்துவிட்டார். இடக்கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போங்க, எனக்கு மூச்சு வாங்குது" என்றார். அது உங்களிடம். அடி அண்ணாமலை தாண்டும்வரை உங்களோடு பேசிக்கொண்டே போனார். என்ன பேசினார் என்று எழுத மாட்டேன். எனக்குப் பதினாறு வயசுதான்.

குபேர லிங்கத்தில் கும்பிடக் குனிந்தவர் அலறினார். "டேய்! கால்ல செருப்பு!"

சுத்துப்படத்தில் கீழே பார்த்தால் எடுத்தவன் கால் தெரியும். அது என் நீலச் செருப்பு.

"செருப்புக் காலோடவா மலை சுத்துனேன்? பாவி, அவரு லீவுல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!"

"அது என் கால் அத்தே."

"அங்க நிக்கிறது நான்தானே? அப்போ அது என் கால்தான்!"

பௌர்ணமிக் கூட்டம் சேருவதற்குள் கிரிவலப் பாதைக்கு மறுபடி ஓடினேன், இம்முறை வெறுங்காலோடு. நிலா ஏறும் நேரத்தில் அத்தை இரண்டாவது சுற்று கிளம்பினார். முதலில் கீழே பார்த்தார். வெறுங்கால். திருப்தி. ஈசான்ய லிங்கத்தில் கைகூப்பியவர் பெட்டியைக் கழற்றாமலே தூங்கிவிட்டார். நாற்காலி மட்டும் தானாக லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே மலை இருந்திருக்கும், பக்கத்தில் நீங்கள் இருந்திருப்பீர்கள்.

ஆகவே உங்கள் லீவு உறுதி. இனி என்னை வளவன் என்று கூப்பிட வேண்டாம், வலவன் என்றால் போதும்.

அண்ணாமலையார் உங்களுக்கு விடுப்பையும், உங்கள் மேனேஜருக்கு நல்ல புத்தியையும் அருள்வாராக.

இப்படிக்கு,
வலம் வந்த வளவன்

பின்குறிப்பு: வெறுங்கால் என்பது உண்மை. நடந்தேன் என்பதுதான் கொஞ்சம் கம்மி உண்மை. இரண்டு தடவையும் சக்திவேல் அண்ணன் ஆட்டோதான். இரண்டாவது தடவை தார் ரொம்பச் சுட்டதால், ஆட்டோவின் ரப்பர் மிதியடியைக் கழற்றி ரோட்டில் போட்டு, அதன்மேல் நின்று எடுத்தேன். "ரோட்டுக்கே மேட் போட்டுட்டாங்களாடா? இப்பல்லாம் வசதி ஜாஸ்தி" என்றார் அத்தை. "ஆமா அத்தே" என்றேன். லீவு கிடைத்தால் இந்தப் பகுதியைக் கிழித்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மேனேஜரைத் திட்டாதீங்க மாமா, அவர் மேல் தப்பில்லை.