டைம்கீப்பரும் சுடாத பிஸ்கட்டும்

இலங்கையிலே ஒரு மனுஷனை நம்பி முட்டை அவிக்கலாம் என்றால் அது எங்கள் டைம்கீப்பர் ஒருவரை நம்பித்தான். கண்டி பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ்களை நேரம் பார்த்து அனுப்புவது அவருடைய வேலை. கழுத்தில் விசில், இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம், அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சட்டைப்பையில் இன்னொரு கடிகாரம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். கண்டியை அடுத்த அம்பிட்டியவில் நான்கு வருஷம் ஒரே வீட்டில் அவரோடு குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. தபால்காரர்கூட "டைம்கீப்பர் ஐயா" என்றுதான் கூப்பிடுவார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டியில் ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்கு வந்தவன். மேல்மாடியில் வீட்டுக்கார முஸ்லிம் அம்மா, எங்களுக்கு ராத்தா; கீழே நாங்கள் இருவர். ஆளுக்கொரு அறை, குசினியும் குளியலறையும் பொது. நான் குடிவந்த முதல் நாள் காலை, தலையில் சவர்க்கார நுரையோடு நிற்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே விசில் கேட்டது.

"தம்பி, ஆறு பத்து ஆச்சு. நீங்க எடுக்கணும்."

"என்னத்தை அண்ணை எடுக்கிறது?"

"வண்டியத்தான். அடுத்த வண்டி நான் பின்னால நிக்கிறேன்ல."

நுரையோடுதான் வெளியே வந்தேன். நான்கு வருஷத்தில் அந்தக் குளியலறையிலிருந்து நான் ஒரு நாளும் தாமதமாகப் புறப்பட்டதில்லை.

ஹந்தானையில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், முகூர்த்தம் தவறப்போகிறது என்று மேளக்காரரை முந்திக்கொண்டு இவர் விசில் ஊதிவிட்டார். மாப்பிள்ளை பதறிப்போய் மூன்று முடிச்சையும் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவது ஒன்றும் போட்டதாகச் சொல்வார்கள். அந்தத் தம்பதி இன்றும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. யாராவது பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தால் அவருக்கு இரக்கம் வரும். கூடவே விசிலும் வரும்.

அவருடைய மனைவி, நான் குடிவருவதற்கு முன்பே, குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். ஒரே மகள் தர்ஷினி, வயது பதின்மூன்று, தெல்தெனியவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். தினமும் ஏழரைக்கு அவர் அவளுக்குப் போன் எடுப்பார். மறுமுனையிலிருந்து "ம்", "இல்ல", "வைக்கிறேன்" என்ற மூன்றுக்கு மேல் வராது. ஒரு மாதத்தில் அவள் அப்பாவோடு பேசியதை ஒரு பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் எழுதிவிடலாம். விடுமுறைக்கும் அவள் அம்பிட்டியப் பக்கம் வந்ததில்லை. காரணம் கேட்டால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

போன வருஷம் ஒரு நாள் அவளாகவே வருவதாகச் சொன்னாள். சித்தி குடும்பத்தோடு எங்கோ போகிறாளாம், பத்து நாள். டைம்கீப்பர் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"அங்க அவன் இருக்கா?" என்றாள் தர்ஷினி.

இவர் முகம் மாறியது. "எவன்?"

"அவன் ப்பா."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி இருக்காரு. குடுக்கவா?"

"அண்ணை, அவ பிஸ்கட் சுடுற அவன் அடுப்பைக் கேக்கிறா," என்றேன்.

அவனும் இல்லை, அதை வைக்க இடமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். "சரி விடுங்க," என்று வைத்துவிட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவருடைய போனுக்கு அவள் ஒரு சமையல் குறிப்புப் படம் அனுப்பியிருந்தாள்: அவனில் சுடாமலே செய்யும் சொக்லேட் ஓட்ஸ் பிஸ்கட். சீனி, பால், மாஜரின், கொக்கோத் தூள் நான்கையும் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்து, ஓட்ஸையும் அரைத்த கச்சான் கடலையையும் கொட்டிக் கிளறி, கரண்டி கரண்டியாகத் தட்டி ஆறவிட்டால் தானாக இறுகிவிடுமாம்.

ஓட்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. கொலஸ்ட்ரோலுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்து, ஏழு மாதமாக உடைக்காமல் அலுமாரி மேல் வைத்திருந்தார். சமையல் குறிப்பை பஸ் அட்டவணை மாதிரி மனப்பாடம் செய்தார். "சரியாக ஒரு நிமிஷம் கொதிக்க விடவும்" என்ற வரி வந்ததும் விரலால் தட்டிக் காட்டினார்.

"தம்பி, இது நம்ம வேல."

தர்ஷினி சனிக்கிழமை வந்தாள். ஞாயிறு பிற்பகல் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டைம்கீப்பர் விசிலோடு அடுப்பின் முன்னால் நின்றார். மேசையில் சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் ஷீட்டை விரித்து வைப்பது என் பொறுப்பு. சட்டியின் ஓரத்தில் முதல் குமிழி எட்டிப் பார்த்ததும் விசில் அடித்து நேரம் பிடித்தார். அறுபதாவது செக்கனில் இன்னொரு விசில், அடுப்பு அணைந்தது. ஒரு செக்கன் பிசகவில்லை.

பிஸ்கட் இறுகவில்லை. மாலை வரை காத்திருந்தோம். லஞ்ச் ஷீட்டைச் சரித்தால் பன்னிரண்டு பிஸ்கட்டும் ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்தன. மூன்று பேரும் கரண்டியால் சாப்பிட்டோம்.

"ருசி பரவாயில்ல," என்றாள் தர்ஷினி. வந்து ஒரு நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. டைம்கீப்பர் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

புதன்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. இளகிப் போனதற்கு நேரம் போதாததுதான் காரணம் என்று முடிவு செய்து, இம்முறை மூன்று நிமிஷம் கொதிக்கவிட்டார். கிளறும்போதே சட்டிக்குள் மணல் லொறி கொட்டுகிற சத்தம். ஒரு கிண்ணம் மேலே ராத்தாவுக்குப் போனது. அவர் ஒரு கரண்டி வாயில் போட்டு நெடுநேரம் யோசித்தார்.

"நல்லாத்தான் ஈக்கி. பிஸ்கட் எங்க?"

டைம்கீப்பர் இறங்கி வந்து சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு நிமிஷம் கூடிப்போச்சு."

"கூடினா என்னா?" என்றாள் தர்ஷினி. "அம்மா போன அன்னைக்கி ஒரு நிமிஷம்கூட நீங்க கூடக் குடுக்கலயே."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கேட்காமலே அவர் சொன்னார். மனைவி குவைத் போகக் கொழும்புக்கு ஏறிய பஸ், இவர் நேரம் பார்க்கிற பஸ். தர்ஷினி கீழே நின்று ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தரை ஆனது. இவர் விசில் அடித்தார். பஸ் நகர, பிள்ளை கையை விட வேண்டி வந்தது.

"நீங்க செஞ்சது பிழை அண்ணை," என்றேன். மருந்துக் கடையில் வேலை செய்தாலும் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

"தெரியும் தம்பி," என்றார்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் விசில் கேட்கவில்லை. நான் குளியலறையில் பயந்து பயந்து குளித்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் நல்ல மழை. அவளுக்கு ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்தது. ஓட்ஸ் பக்கட்டில் கடைசிக் கால்வாசி மிச்சம். டைம்கீப்பர் தானாகவே அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினார். சத்தம் கேட்டு தர்ஷினி வந்து பக்கத்தில் நின்றாள். ஓரத்தில் குமிழி வந்தது. இவர் கடிகாரத்தைத் தூக்கினார்.

"இன்னும் இல்ல ப்பா," என்றாள். "ஓரத்துல கொதிக்கிறது கணக்கில்ல. நடுவுல பொங்கி வரணும். அப்பறம்தான் நிமிஷம் எண்ணணும்."

அவர் கையை இறக்கினார். இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் லஞ்ச் ஷீட்டின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். அதில் சுருக்கம் எதுவும் இல்லை.

"அன்னைக்கி," என்று சட்டியிடம் பேசுவது போல ஆரம்பித்தார். "நான் நேரத்துக்காக ஊதலம்மா. வண்டி இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா, நானே ஏறி ஒங்கம்மாவ எறக்கிக் கூட்டிட்டு வந்திருப்பேன். அதான் ஊதுனேன்."

சட்டி நடுவிலே பொங்கி எழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நிமிஷம் எப்போது தொடங்கியது என்றுகூடத் தெரிந்திருக்காது. தர்ஷினியின் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பிறகு கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"ஓட்ஸைக் கொட்டுங்க ப்பா. ஆறிரும்."

"எவ்வளவு ஆச்சு?"

"அறுவது. எண்ணிட்டுத்தான் நின்னேன்."

அரை மணி நேரத்தில் பிஸ்கட் கல் மாதிரி நின்றது. கடித்தால் கச்சான் மணத்தோடு கரைந்தது. ராத்தா ஒன்றைத் தின்று, இன்னும் இரண்டைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். தர்ஷினி ஆறை எண்ணி ஒரு டப்பாவில் அடைத்தாள். அந்த வாரமே குவைத்துக்குத் திரும்பவிருந்த அயல்வீட்டு அக்கா ஒருவரிடம் அதை அப்பாவும் மகளும் சேர்ந்து போய்க் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை தர்ஷினி தெல்தெனியவுக்குப் போனாள். அடுத்த சனிக்கிழமை பையோடு வாசலில் நின்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

அப்படி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், குவைத்திலிருந்து வீடியோ போன் வந்தது. டப்பா போய்ச் சேர்ந்துவிட்டதாம். அந்த ஊர் வெயிலில் ஆறு பிஸ்கட்டும் உருகி, டப்பா அளவுக்கு ஒரே பிஸ்கட்டாகிவிட்டதாம். அவர் மனைவி அதைக் கத்தியால் வெட்டி ஒரு துண்டை வாயில் போட்டார். இங்கே இரண்டு பேரும் போனுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும் வந்தது.

"யாரு புள்ள செஞ்சது?"

"அப்பா," என்றாள் தர்ஷினி.

"அவரா? நெசமாவா?"

"நெசமாத்தான். நான் எண்ணினது மட்டும்தான்."

டைம்கீப்பர் மகளின் தோளில் கையை வைத்தார். அவள் அதைத் தட்டிவிடவில்லை. நான் மெல்ல எழுந்து குசினிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்து மறுபடியும் கழுவினேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தச் சின்ன வீட்டில் எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.