முப்பத்தொரு ஆணி ஓட்டைகளும் ஓர் அட்வான்ஸும்

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது சுலபம்; திரும்ப வாங்கத்தான் தெம்பு வேண்டும். என்னிடம் தெம்பு நிறைய இருந்தது. அதுதான் வினை.

மாமல்லபுரத்து வீட்டைக் காலி செய்து, செங்கல்பட்டில் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கு மாறிக்கொண்டிருந்தோம். காலி செய்யும் நாள் மதியத்துக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் சாவியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று புது வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பழைய அட்வான்ஸ் முழுதாக வந்தால்தான் அதைக் கட்ட முடியும். முந்தின நாள் சுவர்களைப் பரிசோதித்தேன். முப்பத்தொரு ஆணி ஓட்டைகள். (காலண்டருக்கு மட்டும் நான்கு. அது நேராகத் தொங்கும்வரை நான் விடமாட்டேன்.)

"பெயிண்டரைக் கூப்ட்டு பட்டி பாத்து ஓட்டைய அடச்சிடுங்க" என்றாள் என் மனைவி சரோஜா.

இதற்குப் போய் ஒருநாள் கூலியா? சுவர் வெள்ளை, அரிசி மாவும் வெள்ளை. குழைத்தேன். ஒட்டவில்லை. கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்த்தேன். என்ன ஒரு வழவழப்பு. பூசி முடித்தபோது பல்லவர் காலத்துச் சிற்பிகூட என் முன்னால் நிற்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை, வாசலில் குட்டியானை வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டு ஓனர் பூபாலன் பணத்தோடு உள்ளே நுழைந்த அதே நேரம் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து சிவப்பெறும்பு ஊர்வலம் கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் போய் முடிந்தது. ஒன்றைக்கூட அவை விடவில்லை. (எண்ணிப் பார்த்தேன்.)

பாய்ந்து போய், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், சுவுத்த புட்சிகினு நிக்கிறீங்க?"

"சும்மாதான். இங்க காத்து நல்லா வருது."

அதற்குள் ஊர்வலம் சட்டைக்குள் திரும்பிவிட்டது. தோள் துள்ளியது. கழுத்து வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன், கைகள் இரண்டும் தாமாக உதறின.

"யம்மா, மெயினை அமுத்துங்க, சாருக்கு கரண்ட் அடிச்சிகினு கீது" என்று கத்திய பூபாலன், ஒட்டடைக் கம்பை எடுத்து என் முழங்காலில் ஒன்று வைத்தார். சுருண்டு விழுந்தேன். சரோஜா, டிரைவர், சாமான் தூக்கும் இருவர் என்று எல்லாரும் ஓடிவந்து நிற்க, நான் சட்டையைக் கழற்றி வீசினேன்.

பூபாலன் என் முதுகையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓர் ஓட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"இன்னா சார் இது, கொழுக்கட்டையா?"

உண்மையைச் சொன்னேன்.

"ஆணி ஓட்டைக்கெல்லாம் எவன் சார் துட்டு புடிப்பான்? வூடுன்னா ஆணி அடிக்காம இருப்பாங்களா?" என்றவர், பணத்தை எண்ணும்போது ஒரு நோட்டை மட்டும் உருவிக்கொண்டார். "எறும்பு மருந்துக்கு ஒரு நூறு. அது நாயம்தானே?"

நியாயம்தான். குறைந்த நூறை, சிரிப்பை அடக்க முடியாமல், டிரைவர்தான் கடனாகக் கொடுத்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு மதியத்துக்குள் போய்ச் சாவியை வாங்கிவிட்டேன்.

செங்கல்பட்டு வீட்டுக்கு இன்றுவரை யார் வந்தாலும் சரோஜா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "இவரு சுவுத்துக்கே ஊட்டிவுட்டவரு. எனக்குத்தான் இன்னிவரைக்கும் ஒரு வாய் ஊட்டுனதில்ல."